பிடபிள்யூஎம் பின்னிலிருந்து சுத்தமான ஒலி: ஃபில்டர் கட்டும் முழு வழிகாட்டி

ஏடிமெகா328பி சிப் உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டில் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பகுதி) கிடையாது. அதன் பின் (கம்பி மாட்டும் கால்) 0 வோல்ட்டில் இருக்கும், இல்லையென்றால் 5 வோல்ட்டில் இருக்கும். அந்தப் பின்னை வேகமாக ஏற்றி இறக்கி, ஏறியிருக்கும் நேரத்தை ஒலியின் வடிவத்துக்கேற்பக் கூட்டிக் குறைத்தால், சராசரி மின்னழுத்தம் ஒலியின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் பிடபிள்யூஎம். ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டுச் சராசரியை மட்டும் வெளியே விடுவதுதான் ஃபில்டரின் வேலை.

ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போட்டாலே ஒலி வந்துவிடும். கூடவே கீச்சென்ற விசில், மணலைக் கொட்டுவது போன்ற இரைச்சல், ஹம், ஆன் செய்யும்போது 'டப்' என்ற அடி எல்லாம் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எல்லாவற்றுக்கும் மருந்தாகக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், இரைச்சல் அப்படியே இருக்கும், ஒலியின் தெளிவுதான் போகும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

இங்கே ஊனோவை (ஏடிமெகா328பி, 5 வோல்ட், 16 மெகாஹெர்ட்ஸ்) வைத்து இரண்டு சுற்றுகள் கட்டுகிறோம். முதலாவது ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மட்டும் உள்ளது. பேச்சுக்கும் அறிவிப்பு ஒலிக்கும் போதும். இரண்டாவது ஆப்-ஆம்ப் (சிறிய பெருக்கி சிப்) வைத்தது, இசைக்கு. ராஸ்பெர்ரி பை பீக்கோ, இஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு மாறும் எண்கள் கடைசியில் இருக்கின்றன.

படி 1: முதலில் அதிர்வெண், பிறகுதான் ஃபில்டர்

ஊனோவில் 'அனலாக் ரைட்' கட்டளை தரும் பிடபிள்யூஎம், 5, 6 பின்களில் சுமார் 980 ஹெர்ட்ஸ், மற்ற பின்களில் சுமார் 490 ஹெர்ட்ஸ். இரண்டுமே மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. எந்த ஃபில்டர் போட்டாலும் இவற்றைக் குரலிலிருந்து பிரிக்க முடியாது. எல்.இ.டி. மங்கலாக்குவதற்காக வைத்த வேகம் அது, ஒலிக்கு உதவாது.

கேரியர் அதிர்வெண் (பின் நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது) என்பது டைமரின் கடிகார வேகத்தைப் படிகளின் எண்ணிக்கையால் வகுத்தது. 16 மெகாஹெர்ட்ஸை 256 படிகளால் (8 பிட்) வகுத்தால் 62.5 கிலோஹெர்ட்ஸ். 512 படிகள் (9 பிட்) என்றால் 31.25. 1024 படிகள் (10 பிட்) என்றால் 15.625 கிலோஹெர்ட்ஸ், அதுவும் காதில் விழும் விசில்தான். நுணுக்கம் கூடினால் வேகம் குறையும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஊனோவுக்கு நாங்கள் பரிந்துரைப்பது 8 பிட், 62.5 கிலோஹெர்ட்ஸ். போன நுணுக்கத்தை மென்பொருளில் ஓரளவு மீட்கலாம், அது படி 7-இல். காதில் விழும் கேரியரை மீட்க வழியே இல்லை.

படி 2: டைமரும் சாம்பிள்களும்

டைமர் 2-ஐப் பயன்படுத்துங்கள். டைமர் 0-ஐத் தொட்டால் 'மில்லிஸ்', 'டிலே' எல்லாம் தாறுமாறாகும். டைமர் 2-இன் கட்டுப்பாட்டுப் பதிவேடு ஏ-யில் பைனரி 00100011 எழுதினால் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் முறை அமைந்து வெளியீடு 3-ஆம் பின்னில் வரும். பதிவேடு பி-யில் 00000001 எழுதினால் பிரீஸ்கேலர் (கடிகார வேகத்தை வகுத்துக் குறைக்கும் பகுதி) இல்லாமல் முழு வேகத்தில் ஓடும். 3-ஆம் பின்னை 'அவுட்புட்' ஆக அறிவிக்க மறக்க வேண்டாம். 'டோன்' கட்டளையும் இதே டைமரைத்தான் பயன்படுத்துகிறது, ஆகவே அதை நிரலில் வைக்காதீர்கள்.

டைமர் 2-இன் ஓவர்ஃப்ளோ இன்டரப்ட்டை (டைமர் ஒவ்வொரு சுற்றை முடிக்கும்போதும் நிரலின் ஒரு பகுதியை அழைக்கும் வசதி) இயக்கினால் 62.5 கிலோஹெர்ட்ஸில் அழைப்பு வரும். ஒவ்வொரு அழைப்புக்கும் உங்களுக்கு 256 கடிகாரச் சுற்றுகள்தான் நேரம். நான்கு அழைப்புக்கு ஒருமுறை புதிய சாம்பிள் (ஒலியலையின் அந்தக் கண மதிப்பு) எழுதினால் சாம்பிள் வேகம் 15,625. இரண்டுக்கு ஒருமுறை என்றால் 31,250. ஒலிக்கோப்பை இந்த வேகத்துக்கே முன்கூட்டி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 'டிலே மைக்ரோசெகண்ட்ஸ்' போட்டு நேரம் பார்த்து எழுதும் வழியைத் தவிருங்கள். சாம்பிள்களுக்கு இடையிலான இடைவெளி நடுங்கினால், அந்த நடுக்கமே இரைச்சலாகக் கேட்கும். இன்டரப்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை: ஒப்பீட்டுப் பதிவேட்டில் எழுதிய மதிப்பு அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் அமலுக்கு வரும். டைமர் 0-இன் இன்டரப்ட் குறுக்கிட்டு உங்கள் எழுத்து சில மைக்ரோசெகண்ட் தாமதித்தாலும், சுற்று முடிவதற்குள் எழுதிவிட்டால் வெளியீட்டில் தெரியாது.

மௌனத்துக்கான மதிப்பு 0 அல்ல, 128. எட்டு பிட் வேவ் கோப்புகள் 128-ஐ நடுவாக வைத்தே எழுதப்பட்டிருக்கும், அப்படியே பயன்படுத்தலாம். பதினாறு பிட் கோப்புகளில் நடு 0, கீழே எதிர்ம எண்கள். அவற்றை 256-ஆல் வகுத்து 128 கூட்ட வேண்டும். இதை மறந்து நேரே எழுதினால், அலை நடுவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் வெளியீடு ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குத் தாவும். பேச்சு கரகரவென்று உடைந்து கேட்கும். வன்பொருளில் குறை தேடி வீணாகும் நேரத்தில் பெரும்பங்கு இதனால்தான்.

ஊனோவின் நிரல் நினைவகம் 32 கிலோபைட். நொடிக்கு 8000 சாம்பிள் என்றால்கூட நான்கு நொடிதான் அடங்கும். நீளமான ஒலிக்கு எஸ்டி கார்டு வேண்டும்.

படி 3: கணக்கு

ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) ஃபில்டரின் கட்-ஆஃப் அதிர்வெண்ணுக்கு (ஒலி 3 டெசிபல் குறையும் புள்ளி) ஒரு குறுக்குவழி: 159-ஐ, கிலோ ஓம் × நானோஃபாரட் பெருக்கலால் வகுத்தால் விடை கிலோஹெர்ட்ஸில் வரும். 1 கிலோ ஓமும் 22 நானோஃபாரடும் 7.2 கிலோஹெர்ட்ஸ். ஒற்றைப் படி ஃபில்டர், கட்-ஆஃபுக்கு மேலே அதிர்வெண் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறைக்கும். நம் கேரியர் கட்-ஆஃபைப்போல் 8.6 மடங்கில் இருக்கிறது, அதாவது 19 டெசிபல் குறைப்பு.

இது போதுமா? டியூட்டி சைக்கிள் (பின் ஏறியிருக்கும் நேரத்தின் பங்கு) 50 சதவீதத்தில் ரிப்பிள் (ஃபில்டரைத் தாண்டி மிஞ்சும் ஏற்ற இறக்கம்) உச்சத்தில் இருக்கும், மௌனமும் அதே 50 சதவீதம்தான். அந்த நிலையில் ஒற்றை ஆர்சிக்குப் பிறகு எஞ்சும் முக்கோண ரிப்பிள் கிட்டத்தட்ட 0.9 வோல்ட். ஒலியின் முழு வீச்சே 5 வோல்ட் என்னும்போது இது மிக அதிகம். காதுக்கு 62.5 கிலோஹெர்ட்ஸ் கேட்காதுதான், ஆனால் அடுத்து வரும் ஆம்ப்புக்குக் கேட்கும். அது அந்த ரிப்பிளோடு சேர்ந்து சீக்கிரமே உச்சத்தைத் தொட்டு அலையை வெட்டும், வீணாகச் சூடாகும். ஆகவே இரண்டு படிகள் வேண்டும்.

இரண்டு படிகளிலும் ஒரே மதிப்பை, 1 கிலோ ஓமும் 22 நானோஃபாரடும், வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இரண்டாவது படி முதலாவதிலிருந்து மின்னோட்டத்தை இழுப்பதால் இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யும். ஒவ்வொன்றும் தனியே 7.2 கிலோஹெர்ட்ஸ் என்றாலும், சேர்ந்த பிறகு 3 டெசிபல் குறையும் புள்ளி 2.7 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மங்கி, பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இரண்டாவது படியின் ரெசிஸ்டரைப் பத்து மடங்காக்கி, கெப்பாசிட்டரைப் பத்தில் ஒன்றாக்கினால் (10 கிலோ ஓம், 2.2 நானோஃபாரட்) அதே புள்ளி 4.3 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். கேரியர் குறைப்பில் மாற்றம் ஒன்றும் இருக்காது.

இன்னொரு தேவையும் இருக்கிறது. 5 வோல்ட் வீச்சு பல ஆம்ப்களின் லைன்-இன்னுக்கு அதிகம். வீட்டுக் கருவிகளின் லைன் அளவு உச்சத்துக்கு உச்சம் சுமார் 0.9 வோல்ட். ஃபில்டருக்குப் பின்னால் தனியாக ஒரு டிவைடர் (மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்) வைத்தால் அது ஃபில்டரின் மேல் சுமையாகும். டிவைடரை ஃபில்டருக்குள்ளேயே வைத்துவிடுவது நல்லது. இரண்டாவது படியின் கெப்பாசிட்டருக்கு இணையாக 2.2 கிலோ ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். அப்போது அந்தப் புள்ளியின் மின்தடை சுமார் 1.8 கிலோ ஓமாகக் குறைகிறது, ஆகவே அதே கட்-ஆஃபுக்கு 12 நானோஃபாரட் வேண்டும். ராஸ்பெர்ரி பையின் ஆரம்ப மாதிரிகளில் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் இந்த உத்தியில்தான் ஓடியது: 270 ஓம் தொடராக, 150 ஓமும் 33 நானோஃபாரடும் கிரவுண்டுக்கு.

படி 4: முதல் சுற்றைக் கட்டுதல்

3-ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 22 நானோஃபாரட். அதே புள்ளியிலிருந்து 10 கிலோ ஓம். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2.2 கிலோ ஓம், 10 நானோஃபாரட், 2.2 நானோஃபாரட் மூன்றும் இணையாக (கெப்பாசிட்டர் இரண்டும் சேர்ந்து 12.2 ஆகும்). அங்கிருந்து 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக், பிளஸ் முனை நம் பக்கம். எலக்ட்ரோலிட்டிக்கின் மறுமுனைதான் வெளியீடு. வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். இந்தக் கடைசி ரெசிஸ்டரை விட்டுவிட்டால், ஜாக்கைச் செருகும்போதெல்லாம் சார்ஜ் ஏறாத கெப்பாசிட்டர் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும்.

1 கிலோ ஓமைக் குறைத்து 100 ஓம், 47 ஓம் என்று போக வேண்டாம். கேரியரின் ஒவ்வொரு விளிம்பிலும் பின்னிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடும், அது போர்டின் 5 வோல்ட் சப்ளையையே நடுங்கவைக்கும். ரெசிஸ்டரே இல்லாமல் கெப்பாசிட்டரைப் பின்னில் நேரே மாட்டுவது சிப்புக்கே ஆபத்து.

கெப்பாசிட்டர் வாங்கும்போது, ஃபில்டருக்கான மூன்றும் மைலார் என்று கடையில் சொல்லும் பாலியஸ்டர் வகையாக இருக்கட்டும். மேலே 223 என்று இருந்தால் 22 நானோஃபாரட், 103 என்றால் 10, 222 என்றால் 2.2. சிறிய மதிப்புகளுக்கு சி0ஜி என்ற செராமிக் வகையும் நல்லது. சாதாரண செராமிக்குகளில் எக்ஸ்7ஆர், அதைவிட மோசமாக ஒய்5வி வகையில், மின்னழுத்தம் மாறும்போது கெப்பாசிட்டன்ஸும் மாறும். அலை ஏறும்போது ஒரு கட்-ஆஃப், இறங்கும்போது ஒன்று என்றால் அதுவே ஒலித்திரிபு. போதாக்குறைக்கு, அவற்றைத் தட்டினால் மைக்கைப் போலச் சத்தத்தையும் எடுத்துக்கொள்ளும்.

முதல் ரெசிஸ்டரைப் பின்னுக்கு ஒட்டியே வையுங்கள், இரண்டு சென்டிமீட்டருக்குள். அது வரைக்குமான கம்பிதான் 5 வோல்ட் சதுர அலையைச் சுமக்கிறது, நீளமானால் ஆன்டெனாவாகிவிடும். பக்கத்தில் ஒரு மீடியம் வேவ் ரேடியோவை ஆன் செய்து வைத்தால் கம்பி எவ்வளவு கத்துகிறது என்பது உடனே தெரியும். ஃபில்டரின் கிரவுண்ட் முனைகள் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே கம்பியாகப் போர்டின் கிரவுண்டுக்குப் போகட்டும். மோட்டார், ரிலே, எல்.இ.டி. வரிசை எதுவும் அந்தக் கம்பியைப் பகிரக் கூடாது.

சரிபார்க்க, நிரலில் 128-ஐ நிறுத்தி வைத்து மல்டிமீட்டரில் டிசி பாருங்கள். 22 நானோஃபாரட் புள்ளியில் 2.3 வோல்ட், 2.2 கிலோ ஓம் புள்ளியில் 0.42 வோல்ட் வர வேண்டும். வெளியீட்டில் சில நொடிகளில் 0-க்கு இறங்க வேண்டும். ஆஸிலோஸ்கோப் இருந்தால் 2.2 கிலோ ஓம் புள்ளியில் ரிப்பிள் உச்சத்துக்கு உச்சம் 15 மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஒலியின் முழு வீச்சு அங்கே 0.83 வோல்ட். கூரான ஊசிகள் தெரிந்தால் முதலில் புரோபின் கிரவுண்ட் கிளிப்பைச் சந்தேகப்படுங்கள். அந்த நீளமான கம்பியே அவற்றைப் பிடித்துக் காட்டும். குட்டை ஸ்பிரிங் கிரவுண்ட் போட்டு மறுபடி பாருங்கள்.

படி 5: இசைக்கு ஆப்-ஆம்ப் ஃபில்டர்

4.3 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்குப் போதும், இசைக்குப் போதாது. ஆர்சியின் கட்-ஆஃபை மேலே ஏற்றினால் கேரியர் உள்ளே வரும். ஆர்சி சங்கிலியின் முழங்கை மழுங்கலானது; கட்-ஆஃபுக்கு வெகு முன்பே ஒலி குறையத் தொடங்கிவிடும். சாலன்-கீ என்னும் ஆப்-ஆம்ப் அமைப்பு அந்த முழங்கையைக் கூராக்குகிறது.

பின்னிலிருந்து 1 கிலோ ஓம், பிறகு கிரவுண்டுக்கு 10 நானோஃபாரட். இது வழக்கமான ஆர்சி. அங்கிருந்து 10 கிலோ ஓம், அதைத் தொடர்ந்து இன்னொரு 10 கிலோ ஓம், அது ஆப்-ஆம்ப்பின் பிளஸ் உள்ளீட்டுக்கு. பிளஸ் உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 நானோஃபாரட். இரண்டு 10 கிலோ ஓம்களுக்கு நடுப்புள்ளியிலிருந்து ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டுக்கு 2.2 நானோஃபாரட். மைனஸ் உள்ளீடு வெளியீட்டோடு நேரே சேரும். சாலன்-கீ பகுதியின் கட்-ஆஃப் 10.7 கிலோஹெர்ட்ஸ், முன்னால் உள்ள ஆர்சியும் சேர்ந்து 3 டெசிபல் புள்ளி 9 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வரும். கேரியர் குறைப்பு 42 டெசிபலுக்கு மேல். முதல் சுற்றைவிட இரு மடங்கு அகலமான ஒலி, அதைவிடக் குறைந்த ரிப்பிள். சாம்பிள் வேகத்தை 31,250-க்கு ஏற்றிவிடுங்கள்.

முன்னால் இருக்கும் ஆர்சியை வேண்டாதது என்று நீக்கிவிடக் கூடாது. ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டைத் தாழ்ந்த மின்தடையில் பிடித்து வைத்திருக்கும் வரைதான் சாலன்-கீ ஒழுங்காக வேலை செய்யும். சதுர அலையின் விளிம்பில் பல மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. அந்த வேகத்தில் ஆப்-ஆம்ப்புக்குப் பிடி இல்லை. விளிம்புகள் 2.2 நானோஃபாரட் வழியாக நேரே வெளியீட்டுக்குத் தாவிவிடும். முன்னால் ஒரு ஆர்சி விளிம்பை மழுக்கிக் கொடுத்தால் அந்தக் கசிவு அடங்கும்.

ஆப்-ஆம்ப் எம்சிபி6002 போன்ற ரெயில்-டு-ரெயில் வகையாக (வெளியீடு ஏறக்குறைய 0 முதல் சப்ளை வரை போகக்கூடியது) இருக்கட்டும். 5 வோல்ட்டிலேயே ஓடும், 8-ஆம் கால் பிளஸ், 4-ஆம் கால் கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் ஒட்டி வையுங்கள். எல்லோர் டப்பாவிலும் கிடக்கும் எல்எம்358 இங்கே இரண்டு வகையில் கெடுக்கும். அதன் வெளியீடு சப்ளையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும், அலையின் மேல்பாதி வெட்டுப்படும். வெளியீட்டின் திசை மாறும் இடத்தில் கிராஸ்ஓவர் திரிபும் உண்டு. டிஎல்072 அருமையான சிப், ஆனால் 5 வோல்ட் ஒற்றைச் சப்ளைக்கு அது ஆனதல்ல. எம்சிபி6002-இல் இருக்கும் இரண்டாவது ஆப்-ஆம்ப்பைத் தொங்கவிடாமல், அதன் மைனஸை அதன் வெளியீட்டோடு சேர்த்து, பிளஸை முதல் ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டில் கட்டிவிடுங்கள். தனியாக நடு மின்னழுத்தம் உண்டாக்க வேண்டியதில்லை. 128 என்ற மௌன மதிப்பே 2.5 வோல்ட்டைத் தந்துவிடுகிறது.

ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து 10 மைக்ரோஃபாரட், அடுத்து 10 கிலோ ஓம், பிறகு கிரவுண்டுக்கு 2.2 கிலோ ஓம். 5 வோல்ட் வீச்சு 0.9 வோல்ட்டாகிவிடும். இங்கே டிவைடர் பின்னால் வரலாம், ஆப்-ஆம்ப் அந்தச் சுமையைத் தாங்கும்.

படி 6: ஆம்ப்பும் சப்ளையும்

இந்த வெளியீடுகள் எதிலும் ஸ்பீக்கரை நேரே மாட்ட முடியாது. நடுவில் ஆம்ப் வேண்டும். எல்எம்386 என்றால் அதன் உள்ளீடு 0.4 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது, அதன் குறைந்தபட்சப் பெருக்கமே 20 மடங்கு. ஆகவே 10 கிலோ ஓம் வால்யூம் பாட் ஒன்றை முன்னால் வைத்துத் தாழ்வாகத் தொடங்குங்கள். 1-ஆம், 8-ஆம் கால்களுக்கு இடையில் எதையும் போட வேண்டாம். 10 மைக்ரோஃபாரட் போட்டால் பெருக்கம் 200 ஆகும், நமக்குத் தேவையே இல்லை. வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 47 நானோஃபாரடும் தொடராக இருப்பது கட்டாயம். இல்லையென்றால் சிப் தானாகவே அலைவுகளை எழுப்பத் தொடங்கும்.

மலிவாகக் கிடைக்கும் பிஏஎம்8403 பலகையில் வேறொரு சிக்கல். அது தானே ஒரு கிளாஸ்-டி ஆம்ப் (அதுவும் வேகமாக ஏற்றி இறக்கியே ஒலியைத் தருவது), சுமார் 260 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது. நம் 62.5 கிலோஹெர்ட்ஸின் நான்காவது மடங்கு 250. மிச்சமிருக்கும் கேரியர் இதோடு கலந்தால் வித்தியாசமான 10 கிலோஹெர்ட்ஸ் விசிலாகக் காதில் விழும், சிப் சூடாகச் சூடாகச் சுருதியும் நகரும். இந்த ஆம்ப்புக்கு இரண்டாவது சுற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சப்ளை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிடபிள்யூஎம் வெளியீட்டின் உயர் நிலை என்பது போர்டின் 5 வோல்ட்டேதான். யூஎஸ்பியிலிருந்து வரும் அந்த 5 வோல்ட்டில் 20 மில்லிவோல்ட் நடுக்கம் இருந்தால், மௌனத்தின்போதும் அதில் பாதி ஒலியாக வெளியே போகும். அந்த நடுக்கம் ஒலியின் எல்லைக்குள்ளேயே இருப்பதால் ஃபில்டர் அதைத் தொடக்கூடச் செய்யாது. 2014-இல் வந்த ராஸ்பெர்ரி பை பி பிளஸ் மாதிரியில் ஒலி முன்னேறியதற்குக் காரணம், ஒலிப் பகுதிக்குத் தனியாக இரைச்சல் குறைந்த சப்ளை கொடுத்தது.

அதையே நீங்களும் செய்யலாம். 74எச்சி04 போன்ற லாஜிக் சிப் ஒன்றை 3-ஆம் பின்னுக்கும் ஃபில்டருக்கும் நடுவில் வைத்து, அந்தச் சிப்புக்கு மட்டும் 9 வோல்ட்டிலிருந்து 78எல்05 ரெகுலேட்டர் வழியாகத் தனி 5 வோல்ட் கொடுங்கள். அலை தலைகீழாகும், காதுக்கு அதில் வித்தியாசம் இல்லை. ரெகுலேட்டர் இல்லாவிட்டால் போர்டின் 5 வோல்ட்டிலிருந்து 100 ஓம், பிறகு கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் போட்டு அதிலிருந்து சிப்புக்குக் கொடுத்தாலும் நல்ல முன்னேற்றம் தெரியும். பயன்படாத கேட்களின் உள்ளீடுகளைக் கிரவுண்டில் கட்டுங்கள்.

படி 7: எட்டு பிட்டிலிருந்து கூடுதலாகக் கறப்பது

எட்டு பிட்டின் உச்ச வரம்பு 50 டெசிபல். சத்தமான இடத்தில் தெரியாது. இசை அடங்கித் தேயும் இடத்தில் மணல் இரைச்சலாக வெளிப்படும். இதற்கு இரண்டு வழி.

முதலாவது மென்பொருள். சாம்பிள்களைப் பதினாறு பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிடபிள்யூஎம் சுற்றிலும் சாம்பிளோடு முந்தைய மிச்சத்தைக் கூட்டி, மேல் எட்டு பிட்டைப் பதிவேட்டில் எழுதி, கீழ் எட்டு பிட்டை அடுத்த சுற்றுக்கான மிச்சமாக வையுங்கள். தூக்கி எறியப்படும் பிழை இப்போது அடுத்த சுற்றில் திரும்பக் கொடுக்கப்படுகிறது. இரைச்சல் மறைவதில்லை, உயர் அதிர்வெண்ணுக்குத் தள்ளப்படுகிறது. அங்கே ஃபில்டர் காத்திருக்கிறது. 4 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்குள் சுமார் 20 டெசிபல் வரை ஆதாயம் எதிர்பார்க்கலாம். கூட்டலில் நிரம்பி வழியாமல் உச்ச மதிப்புகளைச் சற்றுக் குறைத்து வையுங்கள்.

இரண்டாவது வன்பொருள். டைமர் 1-இன் இரண்டு வெளியீடுகளையும் (9, 10 பின்கள்) எட்டு பிட்டில் ஓடவிட்டு, மேல் பைட்டை ஒன்றிலும் கீழ் பைட்டை மற்றொன்றிலும் எழுதி, 3.9 கிலோ ஓம், 1 மெகா ஓம் வழியாக ஒரு புள்ளியில் சேர்ப்பது. இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதம் 256-க்கு மிக அருகில் இருப்பதால் எடை சரியாக விழும். 1 சதவீத ரெசிஸ்டர்களே வேண்டும். பின்னுக்குள்ளேயே சில பத்து ஓம்கள் இருப்பதால், 3.9 கிலோ ஓமைக் குறைத்து 390 ஓமாக்கினால் விகிதம் கெட்டுவிடும். சேரும் புள்ளியில் 4.7 நானோஃபாரட் போட்டால் 8.7 கிலோஹெர்ட்ஸ் கட்-ஆஃப் வரும், அதன் பிறகு ஆப்-ஆம்ப் படியைத் தொடரலாம்.

எந்தச் சத்தம் எங்கிருந்து

நிரலில் 128-ஐ மட்டும் நிறுத்திவைத்துக் கேளுங்கள். இது மிகவும் பயனுள்ள சோதனை, ஏனென்றால் இந்த நிலையில் சாம்பிள்களால் வரும் குறை எதுவும் இருக்க முடியாது. அப்போதும் ஹம் இருந்தால் சப்ளை அல்லது கிரவுண்ட். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் லேப்டாப்பும் ஆம்ப்பும் எர்த் வழியாக வளையம் போட்டிருக்கின்றன. விடாமல் விசில் கேட்டால் பிரீஸ்கேலர் தவறாக இருக்கிறது, அல்லது கிளாஸ்-டி ஆம்ப்போடு கேரியர் கலக்கிறது.

128-இல் அமைதி, ஒலி ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் அது எட்டு பிட் படிகளின் வேலை, படி 7-க்குப் போங்கள். ஒலியோடு சேர்ந்து ஏறி இறங்கும் உலோகத்தன்மையான கீச்சல் என்றால் அது கேரியர் அல்ல. 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளில் 3 கிலோஹெர்ட்ஸ் ஒலி இருந்தால், அதன் பிம்பம் 5 கிலோஹெர்ட்ஸில் தோன்றும். சாம்பிள் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது இரண்டு சாம்பிள்களுக்கு நடுவில் நேர்கோட்டில் இடைமதிப்புகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு சுற்றிலும் எழுதுங்கள். தொடக்கத்தில் 'டப்' என்றால், 0-விலிருந்து 128-க்குக் கால் நொடியில் மெல்ல ஏற்றுங்கள். நிறுத்தும்போது அதே போல இறக்குங்கள்.

மற்ற போர்டுகள்

பீக்கோவில் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் என்பதால் 10 பிட்டில் 122 கிலோஹெர்ட்ஸ், 8 பிட்டில் 488. பத்து பிட்டையே எடுங்கள். முதல் சுற்றின் அதே மதிப்புகளில் கேரியர் இன்னும் 12 டெசிபல் கூடுதலாக அடங்கும். இஎஸ்பி32-இல் 80 மெகாஹெர்ட்ஸ், 10 பிட்டில் 78 கிலோஹெர்ட்ஸ். இரண்டும் 3.3 வோல்ட் பின்கள், ஆகவே முதல் சுற்றில் வெளியீடு 0.55 வோல்ட்டாகக் குறையும், 2.2 கிலோ ஓமை 3.9 ஆக்கி, இணையான கெப்பாசிட்டரை 8 நானோஃபாரட் அளவுக்கு (6.8-உம் 1-உம் சேர்த்து) இறக்கினால் பழைய அளவு கிட்டும். இந்தப் பின்களிலிருந்து 5 வோல்ட் லாஜிக் சிப்பை ஓட்ட 74எச்சி வகை நம்பகமாக இருக்காது, 74எச்சிடி வேண்டும்.

பீக்கோவின் 3.3 வோல்ட், சுவிட்சிங் ரெகுலேட்டரிலிருந்து வருகிறது. சுமை குறைவாக இருக்கும்போது அது மின்சிக்கன முறைக்குப் போய் ரிப்பிளைக் கூட்டிவிடும். ஜிபிஐஓ 23-ஐ அவுட்புட் ஆக்கி உயர் நிலையில் வைத்தால் ரெகுலேட்டர் அந்த முறைக்குப் போகாது. பீக்கோவில் இரைச்சல் என்று தோன்றினால் சால்டரிங் அயர்னைத் தொடும் முன் இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்.